தோள் உயரத்தில் நின்ற மஞ்சள்

மார்ச் 4

அக்கா,

இதில் எதுவுமே இல்லை. நீ தபாலில் அனுப்பிய வண்ண அட்டையை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை, வெண்ணெய், வைக்கோல், பழுத்த இலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். என் வீட்டுச் சுவரின் மஞ்சள் அதில் கிடையாது. அது கடையில் வாங்கிய நிறமே இல்லை. மிச்சமிருந்த இரண்டு டப்பாக்களை ஒன்றாகக் கொட்டிக் கலக்கினேன். எது எவ்வளவு என்று குறித்து வைக்கவில்லை.

அது எந்த மஞ்சள் என்ற உன் கேள்விக்குப் பதில் முடிந்தது.

போன வாரம் மேலாளர் ஒரு பத்திரிகையை மடித்து என் மேசையில் வைத்தார். "இதைப் பாத்தீங்களா? இப்ப எல்லா வீட்லயும் இதுதான். நம்ம திரைச்சீலைல கொண்டு வரலாமா?" என் வேலை உனக்குத் தெரியும். துணிக்குக் கோலம் வரைகிறவள். ஒரு பூ திரும்பத் திரும்ப வரவேண்டும், ஆனால் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதற்குத்தான் சம்பளம்.

நீ எழுதும் வீட்டு அலங்காரப் பக்கம் அது. மூலையில் வட்டத்துக்குள் உன் சிரித்த முகம். கீழே படம். தரையிலிருந்து தோள் உயரம் வரை மஞ்சள், அதற்கு மேல் வெள்ளை. நடுவில் நேர்கோடு இல்லை. பிரஷ் இழுபட்டு, ஓரிடத்தில் ஏறி, ஓரிடத்தில் சறுக்கி, மூலைக்குப் போகாமலே நின்றுவிடுகிறது. "முடிக்காத சுவர்: இந்த வருஷத்தின் புது அழகு" என்று தலைப்பு.

சுவரில் உடைந்த ஸ்விட்ச் பெட்டி. கட்டிலை நகர்த்தும்போது அதை உடைத்தவள் நான்.

பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்காகப் பூச ஆரம்பித்த சுவர் அது. ஏன் பாதியில் நின்றது என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, இவருக்கு, உனக்கு.

அன்றைக்கே உன் போன் எண்ணைத் தடுத்துவிட்டேன். அதனால்தான் தபால் என்று புரிகிறது. நானும் தபாலிலேயே கேட்கிறேன். உன் புத்தகம் வரப்போகிறதாமே. அதில் அந்தச் சுவர் இருக்கக் கூடாது. சரி என்று ஒரு வார்த்தை எழுது. வேறு எதுவும் எழுதாதே.

*

மார்ச் 9

சின்னவளே,

நம்பரை பிளாக் பண்ணிட்டு கடுதாசியில திட்டுறவ நீ ஒருத்தியாத்தான் இருப்பே. சரி, திட்டவாவது எழுதினியே.

கோவப்படாம கேளு. நான் எதையும் திருடல. வீடு எதுன்னு போடல, யாருதுன்னு போடல. "எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்"ன்னுதான் ஆரம்பிச்சேன். காரணத்தை ஒரு எழுத்து சொல்லல. அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருக்கு.

ஜனங்க எல்லாம் வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி வெளுத்து வெச்சு வெச்சு அலுத்துப் போயிட்டாங்க. இப்ப கட்டம் போட்ட சோபா, அதுமேல கோடு போட்ட தலையணை, பக்கத்துல பூப்போட்ட விளக்கு. ஒண்ணோட ஒண்ணு சண்டை போடணும். சுவத்தைத் தடவினா சொரசொரன்னு இருக்கணும். கதவு, ஜன்னல் சட்டம், மேல்கூரை எல்லாத்துக்கும் ஒரே நிறம், உள்ள போனா அந்த நிறத்துக்குள்ள முங்கின மாதிரி. வீட்டுல ஒரு மனுஷக் கை தெரியணும்னு கேக்கறாங்க. இதை என்னை மாதிரி நூறு பேர் எழுதறாங்க. உன் சுவரை மட்டும்தான் வேற யாரும் எழுதல. அதுக்கப்புறம்தான் என்னை நாலு பேருக்குத் தெரிஞ்சுது. புத்தகம் போடலாம்னு பதிப்பாளர் கூப்பிட்டதே அதனாலதான்.

அட்டையில அதுதான் வரணுமாம். பிரச்சினை என்னன்னா, இருக்கிறது போன்ல எடுத்த படம். பெருசாக்கினா புள்ளி புள்ளியா உடையுது. சரி, என் ஸ்டுடியோ சுவத்துலயே பூசிடலாம்னு ஆளைக் கூப்பிட்டேன்.

முதல்ல வந்தவர் டேப் ஒட்டிட்டார். "கோணலா வரணும்னா என் கையில வராதும்மா, வேற யாரையாவது பாருங்க"ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டார். அடுத்தவர் பென்சில்ல அலை வரைஞ்சு, அதுக்குள்ள நிரப்பினார். பள்ளிக்கூடத்துல கடல் வரைவோமே, அது மாதிரி. மூணாவது ஆள் கெட்டிக்காரர், ஆனா ஏணி பக்கத்துல நின்னுக்கிட்டு, "இங்க நிறுத்தட்டுமா மேடம்? இங்க? இப்ப மனசு மாறின மாதிரி இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். கடைசில நானே பிரஷைப் பிடிச்சேன். கேக்குக்கு கிரீம் தடவின மாதிரி வந்துச்சு.

அதனால சுத்தி வளைக்காம கேக்கறேன். புகைப்படக்காரர் ஒருத்தரை அனுப்பறேன். ஒரு காலை நேரம் போதும். நீ அந்த ரூமுக்குள்ள வரவே வேண்டாம், சாவியை மட்டும் குடு.

உடம்பு எப்படி இருக்கு? முதல்ல கேட்டிருக்கணும். கடைசில கேக்கறேன்.

*

மார்ச் 15

அக்கா,

உன் ஆட்களுக்கு ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். செய்முறையை எழுதிக்கொள்.

ஏணி கூடாது. ஏணியில் ஏறாதே என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். தோள் உயரம் அதனால் வந்தது. நீ எழுதியிருப்பதுபோல் "அறையைத் தாழ்த்தி அணைக்கும் உயரம்" என்று யாரும் யோசிக்கவில்லை. மேல் பாதியை ஞாயிற்றுக்கிழமை தானே பூசுவதாகக் கணவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஏழாவது மாதம்.

இடது கை வயிற்றுக்குக் கீழே. வலது கையில் பிரஷ். வயிறு சுவரில் இடிக்காமல் தள்ளி நிற்க வேண்டும். அப்போது கை முழுதாக நீளும், நுனியில் அழுத்தம் இருக்காது. "காற்றில் கரையும் விளிம்பு" என்கிறாயே, அது எட்டாத கை.

ஓரிடத்தில் கோடு ஏறுகிறது, பார்த்திருப்பாய். உள்ளே உதைத்தது. சிரித்துவிட்டேன்.

கொஞ்சம் தள்ளிச் சறுக்குகிறது. முதல் வலி. தின்றது ஏதோ சேரவில்லை என்று நினைத்தேன். தொடர்ந்து பூசினேன். உன் ஆட்களிடம் இதை அழுத்திச் சொல். வலி வந்த பிறகும் பூச வேண்டும். மூலை வரைக்கும் முடித்துவிட்டு உட்காரலாம் என்று நினைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம்தானே என்று.

பிறகு நிற்கும். எங்கே நிறுத்தட்டும் என்று கேட்கிறவருக்கு அது வராது.

பிரஷ் விழுந்த இடம் தரையில் இருந்தது. நீதான் துடைத்தாய்.

மேலாளர் கேட்ட விளிம்பை வரைந்து கொடுத்துவிட்டேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு முழத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்படி அமைத்திருக்கிறேன். ஒவ்வொரு முழத்திலும் ஒரு உதை, ஒரு வலி. நன்றாக வந்திருக்கிறது. வரைகிறபோது கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

புகைப்படக்காரருக்குக் கதவு திறக்காது. புத்தகத்தில் அந்தச் சுவர் வந்தால் உன்னை மன்னிக்க மாட்டேன் என்று எழுத வந்தது. அது பொய். வராவிட்டாலும் மன்னிக்கப் போவதில்லை.

*

மார்ச் 21

படிச்சேன். ரெண்டு நாள் பதில் எழுத முடியல. அழுதுக்கிட்டு இருந்தேன்னு நினைச்சுக்காதே. கோவம்.

தரையைத் துடைச்சது நீதான்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டே. அந்த ஒரு வரிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது, நீ ஆஸ்பத்திரியில இருந்தே. பெயிண்டும் மத்ததும் ஒண்ணாக் காஞ்சு போயிருந்துச்சு. துணியில வரல. தோசைக்கரண்டி மாதிரி ஒண்ணை வெச்சு மண்டி போட்டுச் சுரண்டினேன். அந்த நிறம் என் நகத்துக்கடியில கிடந்துச்சு. உன்னைக் கூட்டிட்டு வர்றப்ப கையைப் பின்னால மறைச்சுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் ஒரு மாசம் உன்கூட இருந்தேன். ஒரு வார்த்தை பேசினியா? தட்டைக் கொண்டு வந்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவே. நான் என்னடி பண்ணினேன் உனக்கு? மத்தியானத்துல போக்கிடம் இல்லாம அந்த ரூம்லதான் போய் உக்காருவேன். அந்தச் சுவத்தைப் பாத்துப் பாத்துத்தான் அந்த மாசத்தை ஓட்டினேன். அது அழகா இருந்துச்சு. அப்படிச் சொல்றது பாவம்னா இருந்துட்டுப் போகட்டும். நான் அழகைப் பாத்தா அழகுன்னு சொல்ற பொழப்பு பாக்கறவ.

சின்ன வயசுலேர்ந்தே உனக்குக் கை, எனக்கு வாய். நீ செஞ்சு வெச்சுட்டு ரூமைச் சாத்திக்குவே, நான்தான் நாலு பேர்கிட்ட காட்டணும். அதுக்கு இதுவரைக்கும் நீ வேண்டாம்னு சொன்னதில்ல.

இன்னொண்ணு. எழுதக் கூடாதுன்னு இருந்தேன். எனக்குச் செய்முறைன்னு பாடம் எடுத்தே பாரு, அதனால எழுதறேன்.

அந்தப் படத்தை நான் எடுக்கல. உன் வீட்டுக்காரர் எடுத்தார். நீ திரும்ப வேலைக்குப் போன முதல் வாரம். "அக்கா, இவ கதவையே திறக்க விடமாட்டேங்கறா. எனக்கு யார்கிட்டயும் சொல்ல முடியல. இந்த ரூமை யாராவது ஒருத்தர் பாத்தா போதும்"னு எழுதி எனக்கு அனுப்பினார். பத்திரிகையில போடட்டுமான்னு நான் கேட்டேன். போடுங்கன்னார். பேர் மட்டும் வேண்டாம்னார்.

நம்பிக்கை இல்லன்னா கேட்டுப் பாரு. அவருக்கும் அது புள்ளைதான். அதை யாராவது உனக்கு நினைவுபடுத்தணும்.

*

ஏப்ரல் 2

அக்கா,

கேட்டேன்.

சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். "ஆமா" என்றார். "நான் ஞாயித்துக்கிழமைக்காகக் காத்திருந்தேன்" என்றார். இப்போது தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். நான் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

நீ எய்தது சரியாகத்தான் தைத்திருக்கிறது. சொல்லிவிடுகிறேன், வீணாகப் போனதோ என்று யோசிக்காதே.

சில நாள் அந்த அறைக் கதவருகே நின்றேன். உள்ளே போகவில்லை. இவரும் நீயும் உள்ளே போயிருக்கிறீர்கள், உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்த்திருக்கிறீர்கள். பத்திரிகை வாங்கியவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் அதன் எதிரே நின்று பார்க்கவில்லை. வெளியே காவல் நின்றிருக்கிறேன், உள்ளே இருந்ததை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள் என்று தெரியாமல்.

படம் எடுக்கலாம். பதினெட்டாம் தேதி காலை வா. புகைப்படக்காரரையும் கூட்டி வா. அந்த அறைக்குக் காலை வெளிச்சம்தான். பதிப்பாளர் வருவதானால் அவரும் வரட்டும். கதவைத் திறந்து வைக்கிறேன்.

ஏன் மனம் மாறியது என்று கேட்காதே.

*

ஏப்ரல் 7

என் தங்கமே,

உன் கடுதாசியைக் கையில வெச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னுட்டேன். ஒருத்தன் ஹாரன் அடிச்சுத் திட்டிட்டுப் போனான்.

அவரைப் பத்தி எழுதினது தப்பு. எழுதினதும் தெரிஞ்சுது, பெட்டியில போட்டதும் இன்னும் நல்லாத் தெரிஞ்சுது. பெட்டிக்குள்ள கை விட முடியாதே. நான் போய் அவர்கிட்ட பேசறேன். நீயும் பேசு. ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி?

பதினெட்டுக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். பதிப்பாளரம்மாவும் வர்றாங்க. அச்சகத்துல இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பாங்களாம். அட்டைப் படம் கைக்கு வரலன்னா புத்தகமே தள்ளிப் போயிடும், தள்ளிப் போனா அவங்க விட்டுடுவாங்க. அடுத்த வருஷம் இந்தச் சுவரை யாரு சீந்துவா? வேற ஒண்ணு வந்திருக்கும். எனக்கு இது ஒண்ணுதான்டி. அதனால உன் கதவு திறக்கிறது எனக்கு எவ்வளவு பெருசுன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல.

இன்னொரு சந்தோஷமான விஷயம். நீ திட்டக் கூடாது. அந்தச் செய்முறைக் கடுதாசியைப் பதிப்பாளரம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, "இதுதான் புத்தகத்தோட முதல் பக்கம்"னு. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போடலாமாம். இந்தத் தடவை உன் பேரோட. அட்டையில சுவர், உள்ள திறந்தா உன் எழுத்து. ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச மாதிரி.

யோசிச்சுச் சொல்லு. ஆனா சரின்னுதான் சொல்லுவே. கதவையே திறக்கறே.

அன்னிக்கு நான் கட்டம் போட்ட சட்டை போட்டுக்கிட்டு வரலாமா, இல்ல அந்த மஞ்சளுக்கு எடுக்காதா?

*

ஏப்ரல் 19

அக்கா,

நேற்று நீ, "வரச் சொன்னப்பவே முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. கூட ஆட்கள் இருந்தார்கள். இப்போது எழுதுகிறேன்.

ஆமாம், வரச் சொல்லி எழுதிய அன்றே முடிவு செய்துவிட்டேன். ஆனால் தொடங்கவில்லை. உன் கடிதம் வரும்வரை பெயிண்ட் டப்பா மூடியோடுதான் இருந்தது. உன்னிடமிருந்து வெறும் "சரி, வருகிறேன்" வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை உன்னை உள்ளே விட்டுவிட்டு நானும் உள்ளே வந்திருப்பேன். இரண்டு பேரும் பார்த்திருக்கலாம். எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்தது. உனக்கு அது தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் பக்கம் என்று எழுதியிருந்தாய். அன்று மாலை கடையில் உப்புத்தாள் வாங்கினேன்.

பாதியில் நின்ற பூச்சை அப்படியே தொடர முடியாது. காய்ந்த விளிம்பின்மேல் புதுப் பூச்சு ஏறினால் அந்த இடத்தில் கோடு தெரியும், எத்தனை முறை பூசினாலும். விளிம்பு முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு, தரையிலிருந்து மறுபடி பூச வேண்டும். உதைத்த இடத்தை முதலில் தேய்த்தேன். கடைசிக்கு வைத்திருந்தால் கை நின்றிருக்கும். மாவு மாதிரி உதிர்ந்தது. முகத்தில், இமையில், வாயில். எச்சிலோடு விழுங்கினேன்.

பிறகு வெள்ளை அடித்தளம். பிறகு மஞ்சள், கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த மஞ்சள். ஏணியில் ஏறினேன். ரோலரால் உருட்டினேன், கை தெரியக் கூடாது என்று. மேல்கூரை வரைக்கும், மூலை வரைக்கும். ஸ்விட்ச் பெட்டியையும் மாற்றிவிட்டேன்.

புகைப்படக்காரர் கேமரா முக்காலியை விரித்து வைத்துவிட்டு, "எந்தச் சுவர் மேடம்?" என்று கேட்டார். நீ அவரைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தாய், ஜன்னல் பக்கம் பார்த்தாய், வேறு அறைக்குள் வந்துவிட்டோமோ என்பதுபோல். பிறகு போய் உள்ளங்கையை வைத்தாய். அந்த உயரம் உனக்குத் தெரிந்திருந்தது. சரியான இடத்தில்தான் வைத்தாய்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

"முடிச்சிருக்கேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டாய். பதிப்பாளரம்மா உன் தோளைத் தொட்டார். நீ தட்டிவிட்டாய். அழுதாய். புத்தகத்துக்காக அழுகிறாயா, சுவருக்காகவா என்று நின்று பார்த்தேன். தெரியவில்லை. எதற்காக இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். இவ்வளவு நாளில் எனக்கு அப்படி இருந்ததே இல்லை. நீங்கள் படியிறங்கும் சத்தம் கேட்கும்வரை அது இருந்தது. வாசல் கதவைச் சாத்தும்போது தேடினேன். இல்லை.

போகும்போது, "உனக்கும்தானேடி போச்சு" என்றாய். தெரியும். தெரிந்துதான் தேய்த்தேன். உன்னிடமிருந்து எடுக்க அதை விட்டால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அது இரண்டு பேரிடமும் இருந்தது.

இனி அந்தச் சுவர் உன் போனில் இருக்கும் சின்னப் படம் மட்டும்தான். பெருசாக்கினால் உடையும் என்று நீயே எழுதியிருக்கிறாய். என் கடிதத்தை அச்சிடுவதானால் அச்சிடு, தடுக்கப் போவதில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இதையும் அச்சிடு. ஒரு எழுத்து மாற்றாமல், உன் பெயரோடு.

இவரிடம் நீ பேசப் போக வேண்டாம். சுவரைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். போனில், "மேல் பாதியையுமா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். வைத்துவிட்டார்.

நீங்கள் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி வாளியில் கிடந்தது. அந்த அறைச் சுவரில் ஓர் ஆணியும் ஜன்னல் சட்டத்தில் ஓர் ஆணியும் அடித்து, கயிறு கட்டி, ஈரத் துணிகளைக் காயப்போட்டேன்.